காம்பஸ் ஒன்று சொல்ல, திரை ஒன்று சொல்ல

டாக்டரின் மனைவி என்னிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டார். அதை ஒழுங்காகச் செய்தேனா, சொதப்பினேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எதையும் ஆமாம் அல்லது இல்லை என்று பட்டென்று சொல்லி முடிக்கிற ஆள் நான். வீட்டில் அதற்காகவே திட்டு வாங்குகிறவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இத்தனை வருடமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அமெரிக்காவில், மில்பிடாஸில் ஹார்ட் டிஸ்க் செய்கிற கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், வீடு ஃப்ரீமாண்டில். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவர், ஓக்லாந்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர். அவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு நாற்பத்தொன்று. ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவருகிற ஒரு பொங்கல் பாட்லக்கில் தட்டோடு வரிசையில் நின்றபோது அவராகவே பேச்சுக் கொடுத்தார். அலமீடாவில் ஒரு பாய்மரப் படகு வைத்திருப்பதாகவும் அதில் ஒரு பம்ப் மக்கர் பண்ணுவதாகவும் சொன்னார். பம்ப்பைப் பார்க்கப் போனவன் மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டே இருந்தேன். கோவிலுக்கு இவ்வளவு ஒழுங்காகப் போயிருந்தால் எப்போதோ கிரீன் கார்டு வந்திருக்கும் என்பாள் என் மனைவி.

அந்தப் படகிலேயே ஹவாய் போய்விட வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. இரண்டாயிரத்துச் சொச்சம் மைல், காற்று ஒத்துழைத்தால் பதினேழு பதினெட்டு நாள். ஆட்கள் நாங்கள் இருவர்தான். மூன்றாவது ஆள் என்று சொல்வதானால் ஆட்டோபைலட். திசையைச் சொல்லிவிட்டால் சுக்கான் சக்கரத்தைத் தானே திருப்பிப் படகை ஓட்டிக்கொண்டு போகிற கருவி அது. அது வேலை செய்தால்தான் நாங்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருவராக முறை மாற்றிக்கொண்டு தூங்க முடியும்.

அதற்குத் திசை சொல்ல ஒரு மின்காம்பஸ் படகின் வயிற்றுக்குள் இருந்தது. அது சொல்லும் டிகிரி எண் சக்கரத்துக்கு முன்னால் ஒரு சின்னத் திரையில் தெரியும். திரைக்குப் பக்கத்திலேயே, எண்ணெயில் மிதக்கிற பழைய பாணிக் காம்பஸ் ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தன.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் சாமான்களை எடுத்துவர டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கேரேஜில் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, இவர் முன்பு போல இல்லை என்றார். சொன்னதையே சொல்கிறாராம், சொல்ல வேண்டியதை மறக்கிறாராம். டொரண்டோவில் இருக்கிற இவருடைய அண்ணனுக்கும் அறுபதை ஒட்டித்தான் இப்படித் தொடங்கியதாம். இப்போது பெற்ற பிள்ளைகளையே தெரியவில்லையாம். ஒருவேளை வயதாகிறதுதானோ, தனக்குத்தான் பயம் பிடித்து ஆட்டுகிறதோ என்றும் சொன்னார்.

"நான் அவரின்ர மனிசி. நான் சொன்னா சண்டைதான் வரும்," என்றார். "நீங்கள் ரெண்டு மூண்டு கிழமை பக்கத்திலயே இருக்கப்போறியள். பாத்திட்டு வந்து உள்ளதைச் சொல்லுங்கோ தம்பி. பிழை இருக்கெண்டு நீங்கள் சொன்னா, காலில விழுந்தெண்டாலும் வேலையை விடப்பண்ணுவன். இல்லையெண்டா இனி இதைப்பற்றி வாயே திறக்கமாட்டன்."

மயக்க மருந்து டாக்டர் மறந்துபோனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். காரில் ஏறிய பிறகுதான், எதற்குத் தலையாட்டினேன் என்று உறைத்தது.

என் வீட்டில் வேறு மாதிரிப் பயம். நாங்கள் கரூர்ப் பக்கம். புது வண்டி வாங்கினால் லிவர்மோர் கோவிலுக்கு ஓட்டிப்போய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, டாஷ்போர்டில் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்தால்தான் எங்களுக்கு ஃப்ரீவேயில் தைரியம் வரும். படகுக்கு எலுமிச்சம்பழம் வைக்க டயர் இல்லையே என்பதே என் மனைவிக்குப் பெரிய மனக்குறை. கிளம்புகிற அன்று எங்கள் கொரோலாவில் ஏழு வருடமாக இருந்த பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்து என் கையில் கொடுத்தாள். கட்டைவிரல் உயரம், அடியில் வட்டக் காந்தம். "இவர் இல்லாம நீங்க போகக் கூடாது. எங்கயாவது ஒட்டி வெச்சிடுங்க," என்றாள்.

எங்கே ஒட்டுவது? படகு முழுக்க ஃபைபரும் மரமும். இரும்பாக இருந்த ஒன்றிரண்டும் துருப்பிடிக்காத எஃகு, காந்தம் பிடிக்காது. அதோடு டாக்டர் துறைமுகத்திலேயே கண்ணை மூடி, எங்கள் இருவருக்காகவும் இயேசுவிடம் நீளமாக ஜெபித்திருந்தார். நானும் ஆமென் சொல்லியிருந்தேன். அதன் பிறகு அவருடைய படகில் என்னுடைய சாமியை எடுத்துவைப்பது மரியாதையாக எனக்குப் படவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார், மனதுக்குள் வருத்தப்படுவார், எதற்கு என்று நானாகவே முடிவுகட்டினேன். அடுத்தவர் மனதை நாமே நினைத்துக்கொண்டு நாமே பதிலும் சொல்லிக்கொள்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு ரத்தத்திலேயே ஊறியது.

என்னிடம் ஒரு முறுக்கு டின் இருந்தது. பட்டர் குக்கீஸ் வருகிற நீல நிற வட்ட டின். குக்கீஸ் தீர்ந்த பிறகு அந்த டின்னில் முறுக்கோ ஊசிநூலோ இல்லாத இந்திய வீட்டை நான் அமெரிக்காவில் பார்த்ததில்லை. பிள்ளையாரை அந்த மூடியின் உட்பக்கத்தில் ஒட்டினேன். டக்கென்று பிடித்துக்கொண்டார். மூடினால் தலைகீழாகத் தொங்குவார், பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, டின்னை என் துணிப்பையில் திணித்தேன்.

முதல் நான்கு நாள் எனக்கு உலகமே தெரியாது. கோல்டன் கேட் பாலம் தாண்டியதும் வாந்தி ஆரம்பித்தது. பாலத்துக்கு உள்ளே வளைகுடாவில் மூன்று வருடம் ஓட்டியதெல்லாம் குளத்தில் விட்ட காகிதக் கப்பல் என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர்தான் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், என் முறையையும் சேர்த்துப் பார்த்தார். மாத்திரையின் அளவை மட்டும் இரண்டு முறை டப்பாவில் சரிபார்த்தார். அக்கா சொன்னது எனக்குள் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் பசித்தது. துணிப்பையிலிருந்து முறுக்கு டின்னை எடுத்தேன். தின்று முடித்ததும், கைக்கு எட்டுகிற இடமாக, என் படுக்கைப் பலகைக்கு அடியில் இருந்த பெட்டியறையில் அதை வைத்தேன். என் முறை வரும்போது டின்னை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துக்கொள்வேன். நாலைந்து முறுக்கோடு மேலே போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நொறுக்குவேன். முறை முடிந்ததும் படுக்கைக்கு அடியில் பத்திரம். எதையும் வெளியே விட்டுவைத்தால் படகு ஆடுகிற ஆட்டத்தில் பறக்கும். அதுவும் உள்ளே இருப்பவர் பறந்து வந்து டாக்டர் காலடியில் விழுந்தால் என்ன சொல்வது?

ஆட்டோபைலட் பிரச்சினை அன்றைக்கே ஆரம்பித்தது. மதியம் டாக்டரின் முறை. திரையும் காம்பஸும் வேறு வேறு எண் காட்டுவதாகவும், படகு குடிகாரன் மாதிரி அலைவதாகவும் சொல்லி என்னை எழுப்பினார். எழுந்தேன், வழக்கம்போல டின்னை எடுத்து மேடையில் வைத்தேன், மேலே போய்ப் பார்த்தேன். காம்பஸ் இருநூற்று முப்பது, திரையும் இருநூற்று முப்பது. படகு ரயில் மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு டாக்டர்," என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், காம்பஸைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சக்கரத்தை என்னிடம் விட்டுவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாள் இரண்டு தடவை. என் முறையில் நான்கு மணி நேரமும் கருவி பசுவாக இருக்கும். டாக்டரின் முறையில் கொம்பை ஆட்டும். என்னைக் கூப்பிட்டால் மறுபடி பசு. சும்மா சொல்லக் கூடாது, நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சக்கரத்தைத் திருப்பும் பெல்ட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். ஃபியூஸ்களை எடுத்துத் துடைத்தேன். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தடவினேன். இதையெல்லாம் நான் விழித்திருக்கும்போது, அதாவது என் முறையில்தானே செய்ய முடியும்? எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருக்கிற கருவியை எப்படிச் சரிசெய்வது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் தன் முறையில் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையாலேயே ஓட்ட ஆரம்பித்தார். உள்ளங்கை கொப்பளித்தது. இடையில் நம்பி மறுபடி போடுவார், அது அலையும், அணைப்பார். மணிக்கு ஒரு தடவை எழுதவேண்டிய பதிவு நோட்டில் அவருடைய வரிகளில் இரண்டு எண்கள் இருந்தன: காம்பஸ் ஒன்று, திரை ஒன்று. என்னுடைய வரிகளில் ஒரே எண். பக்கத்தைத் திறந்து பார்க்கிற எவருக்கும், யாருக்குக் கோளாறு என்று சந்தேகமே வராது.

எனக்கும் வரவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அக்காவிடம் சொல்வதற்காக என் சட்டைப்பை டைரியில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இன்ன நேரத்தில் திரை தவறு என்றார், தவறு இல்லை. இன்ன நேரத்தில் மறுபடியும். நடுவில் வேறு சிலவும் இருந்தன. என் மகன் எந்த வகுப்பு என்று காலையில் கேட்டவர் மதியமும் கேட்டது. தண்ணீர் ஊற்றாமல் கெட்டிலை அடுப்பில் வைத்தது. பாயை இறக்கும் கயிறு எது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தது. கடலில் எல்லோருக்கும் நடப்பதா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாததையும் எழுதிவைத்தேன்.

பதினோராம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். காற்று பின்னாலிருந்து பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரிக் காற்றில் படகு கொஞ்சம் அதிகமாகத் திரும்பிவிட்டால் பாயின் மறுபக்கத்தில் காற்று அடித்து, பாயின் அடியைத் தாங்குகிற பூம் என்னும் கனமான கம்பம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தலைக்கு மேல் சீறிக்கொண்டு போகும். நான் படுக்கையில் இருந்தேன். துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் பிறகு டாக்டரின் குரல், வார்த்தையாக இல்லாமல்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக, எதையும் எடுக்காமல் அப்படியே மேலே ஓடினேன். பூமை இழுத்துக் கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது. பெரிய பாயில் ஒரு கை நீளத்துக்குக் கிழிசல். டாக்டர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பூம் தலையில் படாமல் தோளை உரசிக்கொண்டு போயிருந்தது. சக்கரத்தைப் பிடித்து, ஆட்டோபைலட்டை அணைத்து, படகை நேராக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் காம்பஸ் இருநூற்று நாற்பது என்றது, திரை இருநூற்று ஐந்து என்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! தோள் வீங்கி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பாய் கிழிந்திருக்கிறது, நான் "இருக்கு டாக்டர், கோளாறு இருக்கு, என் கண்ணாலயே பாக்கறேன்" என்று கத்துகிறேன். அவர் திரையை எட்டிப் பார்த்து, குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

பாயைச் சுருக்கினோம், தோளுக்குத் துணி கட்டினோம். டாக்டரைச் சக்கரத்தில் உட்காரவைத்துவிட்டு நான் கீழே வந்து கருவியின் கையேட்டைப் பிரித்தேன். இத்தனை நாள் நான் தொடாத ஒரே பாகம் மின்காம்பஸ்தான். அது எங்கே இருக்கிறது என்று படத்தில் தேடினேன். என் படுக்கைக்கு அடியில், பெட்டியறையின் பின்பலகைக்கு அந்தப் பக்கம். மெத்தையைத் தூக்கினேன், மறைத்துக்கொண்டிருந்த முறுக்கு டின்னை எடுத்து ஓரமாக வைத்தேன், பலகையைக் கழற்றினேன். அதைத் தொடுவதற்கு முன்னாலேயே மேலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். இப்போது இரண்டும் ஒன்று என்றார்.

நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று நினைத்தேன். வயரை ஆட்டினேன். மாறவில்லை. திருகாணியை இறுக்கினேன். மாறவில்லை. சரி என்று பலகையை மாட்டி, டின்னை உள்ளே வைத்தேன். இருநூற்றுப் பத்து என்று மேலிருந்து சத்தம். டின்னை எடுத்தேன். இருநூற்று முப்பத்தெட்டு. வைத்தேன். இருநூற்றுப் பத்து. என் முறையில் டின் மேடையில் இருந்தது, டாக்டரின் முறையில் இங்கே. கையில் டின்னோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஹார்ட் டிஸ்க் என்றால் காந்தம். அதில் எழுதுவது காந்தம், படிப்பது காந்தம். பன்னிரண்டு வருடமாகக் காந்தம்தான் எனக்குச் சோறு போட்டது. ஆபீசில் சாவிக்கொத்தில் குட்டிக் காந்தம் வைத்திருந்த பையனைப் பார்த்து, இதோடு லேபுக்குள் வருகிறாயே, படித்தவன்தானா என்று கத்தியவன் நான். சாமி என்று வந்ததும் அது காந்தம் என்பதே என் மூளைக்கு உறைக்கவில்லை.

மேலே ஒரு மனிதர், தன் புத்தி தன்னைக் கைவிடுகிறது என்று ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருக்கிறார். நான் உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டின்னைப் படகின் மூக்கில், பாய்கள் வைக்கும் அறையில் ஒளித்துவிட்டு, மேலே வந்து, ஒரு வயர் லூஸ், சரி பண்ணிவிட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் வெட்கம், பயம், அவருடைய வீங்கிய தோள், எல்லாம்தான்.

அந்தப் பொய் காரியத்தைக் கெடுத்தது. சாயங்காலம் கிழிந்த பாயைத் தைக்க உட்கார்ந்தோம். அவரால் ஒரு கையைத் தூக்க முடியாது. மறு கையால் அவர் துணியைப் பிடித்துக்கொள்ள, நான் தைத்தேன். நடுவில் அவர், வயர் லூஸ் என்றால் நான் பார்க்கிற முறையில் மட்டும் ஏன் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று கேட்டார். நான் அடுத்த தையலைப் போட்டேன்.

"அது போகட்டும்," என்றார். "படகு திரும்பேக்க நான் சக்கரத்தைப் பிடிச்சிருக்கவேணும். பிடிக்கேல்லை. எந்த நம்பர் சரி எண்டு பாத்துக்கொண்டே நிண்டனான். என்ன செய்யிறதெண்டே எனக்கு விளங்கேல்லை தம்பி. ஆபரேஷன் மேசையில இப்பிடி நிண்டா? அங்க போய்ச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதப்போறன். இனிக் காணும்."

முப்பது வருடத் தொழிலைப் போதும் என்றுவிட்டார். அவர் அதைச் சொல்லிவிட்டு, தையல் கோணலாகப் போகிறது, பார்த்துப் போடும் என்றார். எனக்கு ஊசி விரலில் ஏறியது.

மறுநாள் காலை காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்தேன். மூடியைத் திருப்பிப் பிள்ளையாரைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அக்காவிடம் கொடுத்த வாக்கைத் தவிர. அவர் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். டின்னைப் படுக்கைக்கு அடியில் வைக்கச் சொன்னார். எண்ணைப் படித்தார். எடுக்கச் சொன்னார். படித்தார். "இன்னொருக்கா," என்றார். பத்துத் தடவையாவது வைத்து எடுத்திருப்பேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பிலிருந்து வந்ததா என்பது எனக்குத் தெரியவில்லை.

"என்ர படகில உம்மட சாமிக்கு இடமில்லையெண்டு நான் எப்ப சொன்னனான்?" என்றார். "கேட்டிருந்தா சாப்பாட்டு மேசையில வையும் எண்டிருப்பன். அங்க இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை."

அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் ஒரே நாளில் பத்து வயது குறைந்தவராக ஆனதைப் பார்க்கிறபோது அதையெல்லாம் பொருட்படுத்த முடியவில்லை. ஆட்டோபைலட் வேலை செய்தது. டாக்டர் சீட்டியடித்தார், ரொட்டி சுட்டார், பிள்ளையாரைத் தானே எடுத்துச் சாப்பாட்டு மேசையில், தக்காளி டப்பா ஒன்றின் மேல் ஒட்டினார். கடிதம் பற்றிய பேச்சு அதன் பிறகு வரவே இல்லை. நான் டைரியை எடுத்து அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கடலில் விட்டேன். காம்பஸோடு சம்பந்தமில்லாத நாலைந்து வரிகளும் அதே பக்கங்களில் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. தப்புச் செய்தவன் நான் என்று ஆன பிறகு அவருடைய கெட்டில் எனக்கு எதற்கு?

இருபதாம் நாள் ஹொனலூலு. கிழிசல் பாயோடு, மூன்று நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அக்கா விமானத்தில் வந்து, ஒரு அபார்ட்மெண்ட் எடுத்துத் தங்கியிருந்தார். கரையேறியதும் டாக்டர் குளிக்க ஓடினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "கோளாறு எனக்குத்தான்." பிள்ளையார் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அவரைச் சந்தேகப்பட்டதை, டைரியை, எல்லாம் சொன்னேன். நான் ஒரு மடையன், நீங்கள் நிம்மதியாக இருங்கள், அவர் இன்னும் பத்து வருடம் வேலை பார்ப்பார் என்றேன். யாரும் கேட்காத பத்து வருடத்தை நானாகவே சேர்த்துக்கொண்டேன். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்றார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிம்மதி மாதிரி ஒன்று அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று மாலை அக்கா புட்டும் கணவாய்க் கறியும் செய்திருந்தார். நாங்கள் மூன்று பேர்தான். டாக்டர் தோளை அசைத்து அசைத்துக் காட்டி, தாமே பிள்ளையார் கதையைச் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் டின்னோடு படுக்கைக்கும் மேடைக்கும் நடந்ததை நடித்தே காட்டினார். "இருநூற்றுப் பத்து" என்று கத்துகிற இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா ஏற்கனவே கேட்டதுதான் என்று காட்டிக்கொள்ளாமல் புதிதாகக் கேட்கிற மாதிரி ரசித்துக் கேட்டார். பிறகு பேச்சு டொரண்டோ, பிள்ளைகள், திரும்பிப் போகிற டிக்கெட் என்று போயிற்று.

அக்கா தட்டுகளை எடுத்துவிட்டுத் தேநீர் கொண்டுவந்தார். டாக்டர் ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது.

"இஞ்சேரும், உமக்கு ஒரு பகிடி சொல்லவேணும்," என்றார் அக்காவிடம். "இந்தத் தம்பி என்ன செய்தவர் தெரியுமே? ஒரு முறுக்கு டின்னுக்குள்ள..."

களைப்பாக இருக்கலாம். இருபது நாள் கடல், சரியான தூக்கம் இல்லை, நிலத்துக்கு வந்த அன்றே வயிறு முட்டச் சாப்பாடு. இப்படி எல்லாவற்றையும் நான் அந்த ஒரு கணத்தில் வேகவேகமாக அடுக்கினேன். அடுக்கியது எதுவும் நிற்கவில்லை. டாக்டர் முதலிலிருந்து, ஒரு சொல்கூட விடாமல், அதே உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டு போனார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. தேநீர்த் தட்டைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

டாக்டர் "இருநூற்றுப் பத்து" என்று கத்தினார். முதல் தடவை சிரித்த அளவுக்கே நான் சிரித்தேன். கொஞ்சம் பொறுத்து அக்காவும் சிரித்தார்.